ஆயுத பூஜைக்கு மறுநாள் எழாத பெட்டிகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் கொஞ்சம் பேசுங்கள் என்று ரேவதி மேடம் என்னைக் கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வேலையை விட்டு நின்ற அன்று எனக்கு மாலை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பின்பக்கக் கதவு வழியாகப் போய் பஸ் ஏறிவிட்டேன். அந்த மாலையை டெஸ்டிங் பெஞ்சுக்குப் போட்டார்களாம். "அப்ப எழுதியாச்சும் குடுங்கக்கா, படிச்சுக்கட்டும்" என்றார் மேடம். எழுதுவதில் ஒரு வசதி, படிக்கிறவர் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆகவே லோடருக்குள்ளும் கெர்னலுக்குள்ளும் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் என்னிடம் கேட்கக்கூடாது. இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, ஒரு போர்டு எழும்போது திரையில் எந்த வரிக்குப் பிறகு எந்த வரி வரும் என்பது. இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்ததும் ரேவதி மேடம்தான். அப்போது அவர் கல்லூரி முடித்து வந்த புதுசு. என்னைவிட வயதில் பாதி.

நம் பட்டறை அந்த நாளில் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை. மில்களில் நெல் காயவைக்கிற டிரையருக்குச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி செய்தோம். குறுவை அறுக்கிற நேரமும் மழை பிடிக்கிற நேரமும் ஒன்றாக வருகிற ஊர் இது. ஈர நெல்லைச் சூடு போதாமல் விட்டால் மக்கி நாறும். சூடு மிஞ்சினால் அரைக்கும்போது அத்தனையும் குருணையாகப் போகும். அதனால் அந்த ஒரு மாதம் எங்கள் பெட்டிதான் மில்காரர்களுக்குச் சாமி. மீதி மாதங்களில் எங்கள் போனைக்கூட எடுக்க மாட்டார்கள்.

பெட்டிக்குள் ஒரு போர்டு. போர்டுக்கு உயிர் கொடுத்ததும் முதலில் விழிப்பது லோடர் என்கிற சின்னப் புரோகிராம். அது எழுந்து, அக்கம்பக்கம் பார்த்து, கெர்னலை எழுப்பிவிட்டுத் தன் வேலை முடிந்தது என்று ஒதுங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு எல்லாமே கெர்னல் பார்ப்பது. உயிர் வந்ததும் சிவப்பு விளக்கு எரியும், கெர்னல் முழுசாக எழுந்தால்தான் பச்சை. மேடம் எனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தார்: லோடர் என்பது மதகு திறக்கிற லஸ்கர், கெர்னல் என்பது கடைமடையில் நடவு போடுகிறவர். லஸ்கர் எதைத் திறந்தார், எதைத் திறக்கவில்லை என்று கடைமடைக்காரருக்குத் தெரியாது. தண்ணீர் வந்திருக்கும் என்று நம்பி நாற்றைக் கட்டிக்கொண்டு வயலில் இறங்குவார். எனக்கு உடனே புரிந்தது. யாரை நம்புகிறோம் என்று தெரியாமலே நம்புகிற தொழில் இது. என்னைப்போலச் சந்தேகம் பிடித்தவளுக்கு ஏற்ற தொழில்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வருஷம் குறுவைக்கு முன்னால் புது லாட் போர்டு வந்தது. பார்க்கப் பழையது போலவேதான் இருந்தது, ஆனால் அதில் இருந்த லோடர் வேறு. போர்டு செய்கிற கம்பெனிக்காரர்கள் மாற்றிவிட்டார்கள். எங்கள் கெர்னலை எழுதிய எஞ்சினியர் அதற்கு முந்தின வருஷமே அமெரிக்காவுக்குப் போய்விட்டார். வீட்டுக்கு ஒருவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. படித்தவர்கள் பெங்களூர் வழியாக அமெரிக்கா, கைவேலை தெரிந்தவர்கள் துபாய், சார்ஜா. அவர் இடத்துக்குத்தான் ரேவதி மேடம் வந்தார். புது லோடரையும் பழைய கெர்னலையும் சேர்த்துப் பெஞ்சில் ஓட்டிப் பார்த்தோம். எழுந்தது. எத்தனை தடவை ரீசெட் பட்டனை அமுக்கினாலும் எழுந்தது. தேறியது என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை, ஒட்டினேன்.

மில்லில் கொண்டுபோய்ப் பெட்டியை மாட்டுகிற வேலை ஜமாலுடையது. அதிராம்பட்டினத்துப் பையன். நல்ல கை, நீளமான வாய். என்னை "அக்கா" என்பான், முதலாளி இல்லாதபோது முதலாளியைப்போல் நடந்து காட்டுவான். சார்ஜாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அவனுக்கு வேலை கிடைத்து விசாவும் வந்திருந்தது. ஆயுத பூஜை கழிந்த கையோடு கிளம்ப வேண்டும். தேதி தவறினால் விசா போய்விடும், வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். அவன் வாப்பா படகை விற்றுத்தான் ஏஜெண்டுக்குக் கட்டியிருந்தார்.

ஆயுத பூஜை முடிந்து மறுநாள் காலை நான் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஒரத்தநாட்டு மில். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது, பச்சை வரவில்லை என்றார்கள். போனை வைத்ததும் பாபநாசம். அதை வைப்பதற்குள் மன்னார்குடி. அப்புறம் போனைக் கீழே வைக்கவே முடியவில்லை. புது லாட் பெட்டி வைத்த மில் ஒவ்வொன்றாக அதே பேச்சு. சிவப்பு எரியுது, பச்சை வரல.

முதலாளி நாற்காலியில் உட்காராமலே நின்றார். பிறகு சொன்னார்:

"ஒண்ணு செத்தா ரிப்பேரு. அத்தனையும் ஒரே காலைல செத்தா அது ஆளு வேலை."

இந்தப் பேச்சைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. உங்கள் காலத்திலும் யாராவது சொல்வார்கள். கேட்கும்போது அவ்வளவு நியாயமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முதலாளியின் மச்சினன் செந்தில் உடனே, "எல்லா மில்லுலயும் மாட்டுனது யாரு மாமா?" என்றான். அந்தக் கேள்விக்குப் பதிலே தேவைப்படவில்லை. ஜமால் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தான்.

செந்தில் விடவில்லை. "எல்லா மில்லுலயும் இல்ல மாமா. முத்துப்பேட்டைல நான்தானே மாட்டினேன். இவன் விசாவுக்கு மெடிக்கல் பாக்கப் போயிருந்தான்ல? அங்க போன் போட்டுக் கேளுங்க."

முதலாளி போட்டார். முத்துப்பேட்டை மில் ஹாஜியாருடையது. டிரையர் நன்றாக ஓடுகிறது, என்ன விஷயம் என்று கேட்டார் அவர். முதலாளி போனை வைத்துவிட்டு ஜமாலைப் பார்த்தார்.

"புது லாட்ல உன் கை படாத பெட்டி ஒண்ணே ஒண்ணு. அது மட்டும் ஓடுது. அதுவும் உங்க ஆளு மில்லு."

பூஜைக்கு வாங்கிய பொரி இன்னும் தட்டில் இருந்தது. முதல்நாள் அதில் பாதியைத் தின்று தீர்த்ததே ஜமால்தான்.

"நான் என்ன மொதலாளி செஞ்சேன்?" என்றான்.

"நாள் குறிச்சு உள்ள எதையோ வச்சுட்டுக் கெளம்பறே. பூஜைக்கு மறுநாள் எல்லாம் சாவுற மாதிரி. நீ பிளேன்ல இருப்பே, நான் இங்க மில்காரன் கால்ல விழுந்துகிட்டு இருப்பேன்."

"எனக்கு என்ன லாபம்?"

"அத ஸ்டேஷன்ல சொல்லு. ஒரு மனு போதும், பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்குவாங்க."

ஜமால் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். வெட்கத்தினால் மட்டும் அல்ல. என் மனசுக்குள்ளும் அந்தக் கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கிளம்பப் போகிறவன், அவன் கை பட்டதெல்லாம் செத்தது, படாதது ஓடுகிறது. அதே மனசின் இன்னொரு மூலையில் செந்தில்மேலும் சந்தேகம். ஜமால் வேலை தனக்கு வர வேண்டும் என்று அவன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மாட்டியது மட்டும் ஓடுவானேன்? முதலாளியும் என் சந்தேகத்துக்குத் தப்பவில்லை. மில்காரர்களுக்குக் காட்ட ஓர் ஆள் வேண்டும் அவருக்கு. போகிற ஆளாக இருந்தால் நல்லது. இப்படி உட்கார்ந்த இடத்திலேயே மூன்று பேரைக் குற்றவாளியாக்கிவிட்டேன். பெட்டியை ஒருவரும் இன்னும் திறந்து பார்க்கவில்லை.

ரேவதி மேடம்தான், "மனு அப்புறம் குடுக்கலாம் சார். மொதல்ல பெட்டியக் கொண்டாரச் சொல்லுங்க" என்றார்.

மத்தியானத்துக்குள் ஒரத்தநாட்டிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் பெட்டிகள் வந்தன. பெஞ்சில் வைத்து, பெஞ்சுக் கம்ப்யூட்டரிலிருந்து வருகிற கேபிளைச் சொருகினேன். வரிகள் ஓடின. எழுந்தது, பச்சை எரிந்தது. இன்னொன்று. அதுவும் எழுந்தது.

"பாத்தீங்களா!" என்றார் முதலாளி. "இங்க வந்தா ஓடுது. மில்லுல ஓடல. மில்லுல வேல செஞ்சவன் யாரு?"

ஒவ்வொரு சாட்சியும் அந்தப் பையனை நோக்கியே கையை நீட்டியது. அவ்வளவு ஒழுங்காக நீட்டியதுதான் எனக்கு முதல் உறுத்தல். நான் பார்த்தவரையில் போர்டுகள் செய்கிற கோளாறு அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

பெட்டிகளுக்கெல்லாம் மில்காரர்கள் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். நான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். மேடம் பக்கத்தில் வந்து நின்றவர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"துடைக்காதீங்கக்கா. இங்க பாருங்க. பேட்டரி கிளிப்புக்கு அடியில சந்தனம் எப்படிப் போச்சு?"

கிளிப்பை எடுத்துவிட்டுப் பார்த்தோம். அடியில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. மூடிய கிளிப்புக்கு மேலே பொட்டு வைத்தால் அடியில் போகாது. கழற்றியிருக்கிறார்கள். கழற்றி, துடைத்து, பொட்டு வைத்து, பூஜை முடிந்து மறுபடி மாட்டியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. அந்த நாளில் நம் போர்டில் கடிகாரத்துக்குத் தனி செல் கிடையாது. செலவு என்று விட்டுவிட்டார்கள். பேட்டரியைக் கழற்றினால் தேதி, மணி எல்லாம் போய்விடும், மில்லில் வைத்து மறுபடி சரிசெய்வது பெரும்பாடு. அதனால் பெஞ்சில் நான் தேதி வைத்துப் பேட்டரியை மாட்டிவிட்டால் அப்புறம் யாரும் அதைக் கழற்றக்கூடாது என்பது பட்டறைக் கட்டளை. பெட்டி இங்கிருந்து உயிரோடு வண்டியேறி, உயிரோடு மில்லில் இறங்கி, உயிரோடு சுவரில் ஏறும். ஊரில் கரண்ட் எத்தனை தடவை போனாலும் பேட்டரி தாங்கும். ஆக, புது லோடர் போட்ட பெட்டிகளில் ஒன்றுகூட அதுவரை முழுசாக உயிர் போய் மறுபடி எழுந்ததே இல்லை. வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவில் மில்காரன் இயந்திரத்தின் எல்லா ஒயரையும் பிடுங்கிக் கழுவித் துடைத்துப் படுக்கப்போடுவான். அது ஆயுத பூஜை.

மேடம் பெஞ்சில் இருந்த பெட்டியின் பேட்டரியைக் கழற்றினார். கொஞ்சம் பொறுத்து, என் கேபிளைச் சொருகாமல், வெறும் பேட்டரியை மட்டும் மாட்டினார். சிவப்பு எரிந்தது. பச்சைக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. கேபிளைச் சொருகினார். வந்தது.

"அக்கா, இந்தக் கேபிள் வழியா மொதல்ல உள்ள போறது எந்த லோடர்?"

"அது எப்பவும் போறதுதான் மேடம். பழசு."

"மாத்தவே இல்லையா?"

"ஓடுறத எதுக்கு மாத்தணும்னு சாரு சொல்லியிருந்தாரு. அமெரிக்கா போனாரே, அவரு."

மேடம் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு விளக்கினார். கெர்னல் குடியிருக்கிற ஞாபகச் சில்லு ஒன்று உண்டு. அதற்குக் கரண்டைத் திறந்துவிடுவது பழைய லோடர் பழக்கமாகச் செய்துவந்த வேலை. புது லோடர் அதைச் செய்வதில்லை. சொன்னதை மட்டும் செய்து, கெர்னலின் தலைப்பகுதியை எழுப்பிவிட்டுப் போய்விடும். கெர்னல் எழுந்து மீதிச் சாமானைத் தேடினால் அந்த அறை பூட்டிக் கிடக்கும். பெஞ்சில் ஏன் எழுந்தது? கேபிள் வழியாகப் போன பழைய லோடர் அறையைத் திறந்துவிட்டது. ரீசெட் பட்டனை அமுக்கினால் அந்த அறை மூடாது. பேட்டரியைப் பிடுங்கினால்தான் மூடும். ரீசெட் அமுக்கி எழுவது எழுவதே இல்லை பிள்ளைகளே, தூங்குகிறவன் புரண்டு படுப்பது அது.

மேடம் போய் முதலாளியிடம் சொன்னார். கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்:

"இந்தப் பெட்டி அவன் கை பட்ட பெட்டிதானே? பேட்டரியக் கழட்டினா சாவுற மாதிரி அவனே உள்ள செஞ்சு வச்சிருந்தா? பூஜைக்குக் கழட்டுவாங்கன்னு அவனுக்குத் தெரியாதா?"

சந்தேகத்துக்கு அதுதான் ருசி. எதைப் போட்டாலும் தின்றுவிட்டு இன்னும் கொழுக்கும். ஜமால் தொடாத போர்டில் செய்து காட்டலாமென்றால், கையில் புது லாட் போர்டு எதுவும் மிச்சமில்லை. எல்லாம் மில்களில்.

அப்போதுதான் ஜமால் வாயைத் திறந்தான். காலையிலிருந்து மூலையில் நின்றவன்.

"முத்துப்பேட்டைப் பெட்டிய நான் தொட்டதில்லையே மொதலாளி? அங்க போவோம். நான் வண்டியவிட்டே எறங்கல. செந்திலண்ணனே பேட்டரியக் கழட்டி மாட்டட்டும். அது எழுந்துச்சுன்னா நேரா ஸ்டேஷனுக்கு ஓட்டுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது சாவும் மொதலாளி. ஹாஜியாரு மில்லுல ஆயுத பூஜை இல்ல, அன்னைக்குக் கழட்டல, அதான் ஓடுது."

புது லாட் வைத்த அவ்வளவு மில்லுக்கும் நடுவில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நின்றுபோனதால் சுற்றுவட்டாரத்து ஈர நெல் அத்தனையும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. அதைக் கொன்று பார்க்கலாம் என்கிறான். மேடம் என்னைப் பார்த்தார். நான் கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டேன். பெஞ்சுக் கம்ப்யூட்டரையும் தூக்கி வண்டியில் வைத்தோம்.

முதலாளி முன்னால், செந்தில் வண்டி ஓட்டினான், பின்னால் நாங்கள் மூன்று பேர். மன்னார்குடி தாண்டியதும் தெற்கே வானம் கறுத்துக் கிடந்தது. சாலையோரம் முழுக்க அறுத்த நெல்லைக் குவித்து நீலத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அந்தக் குவியல்களைப் பார்த்துக்கொண்டு வரும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. முத்துப்பேட்டைப் பெட்டியும் செத்தால் ஜமால் தப்பிப்பான். அப்போது எல்லாப் பெட்டியையும் தொட்ட கை எது? முத்துப்பேட்டைப் பெட்டி உட்பட, ஒன்று விடாமல்? பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய கை.

என் கை.

முதலாளியின் பின்தலையைப் பார்த்தேன். அவருக்கு அது இன்னும் தோன்றவில்லை. தோன்றும். என்னைப்போன்ற ஒருத்தி ஸ்டேஷனில் போய் என்ன பேசுவாள்? பெயரைக் கேட்டாலே எனக்குச் சத்தம் வராது. பையில் இருந்த கேபிளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வண்டியைத் திருப்பச் சொல்ல எனக்கு வாய் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஹாஜியார் மில் வாசலில் மாட்டு வண்டியும் டிராக்டரும் வரிசையாக நின்றன. விஷயத்தைக் கேட்டதும் ஹாஜியார் முதலாளியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓடிக்கிட்டு இருக்கறத நிறுத்திப் பாக்கணுங்கறீங்க."

"ஆமாங்க."

"ஏன்?"

"இந்தப் பையன் மேல ஒரு சந்தேகம்."

"அவன் மேல சந்தேகத்துக்கு என் நெல்லு எதுக்குங்க தம்பி சாவணும்?"

வண்டிக்குள்ளிருந்து ஜமால் சத்தம் போட்டான்: "ஹாஜியாரே, ரெண்டு நிமிசம்! எனக்காக!"

அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "இறங்கி வாயேண்டா."

"எறங்க மாட்டேன். எறங்குனா கண்ணாலயே கெடுத்துட்டேம்பாங்க."

ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கிடக்கிற லோடு காய்ந்து இறங்கட்டும், அதுவரை பொறுங்கள் என்றார். பொறுத்தோம். டீ கொடுத்தார்கள். நான் குடிக்கவில்லை. லோடு இறங்கியது. செந்தில் பெட்டி முன்னால் போய் நின்றான். கரண்ட் ஒயரைப் பிடுங்கினான். பேட்டரியைக் கழற்றினான், கொஞ்சம் பொறுத்தான், மாட்டினான்.

சிவப்பு.

எல்லோரும் அந்தப் பச்சைப் பொட்டு வர வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். வரவில்லை. செந்தில் ரீசெட்டை அமுக்கினான். மறுபடி அமுக்கினான். சிவப்பேதான்.

வெளியே தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்த சத்தம் கேட்டது. முதலாளி மெதுவாகத் திரும்பினார். அவர் கண் ஜமாலிடம் போகவில்லை, என்னிடம் வந்தது. தோன்றிவிட்டது.

"அப்ப, எல்லாப் பெட்டியையும் தொட்டது..."

அவர் முடிப்பதற்குள் வண்டியிலிருந்து ஜமால் குதித்து ஓடிவந்தான்.

"மொதலாளி, அடுத்து இந்த மழையப் புடிச்சு ஸ்டேஷன்ல குடுக்கப் போறீங்களா? அதுவும்தான் எல்லா மில்லுலயும் விழுது!"

கூலிக்கு வந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஹாஜியார் முதலாளியின் தோளில் கையை வைத்தார். "கையத் தேடாதீங்க தம்பி. வாசல்ல நெல்லு நனையுது. அதுக்கு வழி சொல்லுங்க."

வழி என் பையில் இருந்தது. மேடம் கம்ப்யூட்டரைத் திறந்தார், நான் கேபிளைச் சொருகினேன். பழைய லோடர் உள்ளே போய் அறையைத் திறந்தது. வரிகள் ஓடின. ஒவ்வொரு வரியாக எனக்குத் தெரிந்த வரிசையில்தான் வந்தது, இருந்தாலும் கடைசி வரி வரும்வரை நான் கேபிளிலிருந்து கையை எடுக்கவில்லை. பச்சை எரிந்தது. கேபிளைக் கழற்றினோம். அடுத்த லோடு ஏறியது. "பேட்டரி பக்கம் யாரும் போகாதீங்க" என்று மேடம் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்.

திரும்பும்போது முதலாளி முன்சீட்டில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்பது கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பின்னால் ஜமால் என் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டான்:

"அக்கா, ஒருவேள அது எழுந்திருந்தா? என்னைய நம்பியிருப்பீங்களா?"

பொய் சொல்ல எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு வரவில்லை.

"மாட்டேன் தம்பி."

அவன் கோபப்படவில்லை. வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நானும்தான்க்கா. காலைலேர்ந்து எனக்கே எம்மேல சந்தேகம். மாட்டும்போது எங்கயாச்சும் எதையாச்சும் செஞ்சுட்டமோன்னு. ஒவ்வொரு மில்லா மனசுக்குள்ள போயிப் போயிப் பாத்துட்டு வாரேன்."

பிள்ளைகளே, நான் சந்தேகப்பட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சந்தேகப்படாதவர்கள் இந்தப் பெஞ்சில் உட்காரக்கூடாது. ஆனால் ஆளைச் சந்தேகப்படுவது சோம்பேறி வேலை. ஒயரைக் கழற்ற வேண்டாம், மில்லுக்குப் போக வேண்டாம், நின்ற இடத்திலேயே முடிந்துவிடும். பெட்டியைச் சந்தேகப்பட்டால் பெட்டியைத் திறக்க வேண்டும். எல்லாம் ஒன்றாகச் செத்தால் யார் தொட்டார் என்று கேட்காதீர்கள், செத்ததற்கெல்லாம் முந்தின நாள் என்ன நடந்தது என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், எழுந்ததெல்லாம் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தது என்று கேளுங்கள்.

மேடம் அன்றைக்கு ராத்திரியே அமெரிக்காவில் இருந்தவருக்கு மின்னஞ்சல் போட்டார். அந்தத் திறந்துவிடுகிற வரியை அவசரத்துக்காகத் தான்தான் கம்பெனிக்காரர்களிடம் சொல்லிப் பழைய லோடரில் போடவைத்ததாகவும், கெர்னலில் போட்டிருக்க வேண்டியது என்றும் பதில் வந்தது. மேடம் அதைக் கெர்னலுக்குள் கொண்டுபோனார். முன்னால் வந்தவன் திறந்தானா இல்லையா என்று பாராமல் கெர்னல் தானே போய் அறையைத் திறக்கிற மாதிரி. அதற்குப் பிறகு லோடர் எத்தனையோ தடவை மாறிவிட்டது. உங்கள் காலத்திலும் மாறும். மாறும்போது பழையது உங்களுக்குச் சொல்லாமல் என்னென்ன செய்துகொண்டிருந்தது என்று ஒருநாள் உட்கார்ந்து யோசியுங்கள். சொல்லிச் செய்ததை எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்.

புதுக் கெர்னலை மில் மில்லாகப் போய் மாற்ற ஆள் வேண்டியிருந்தது. முதலாளி யாரையும் கேட்கவில்லை. ஜமாலே டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சார்ஜாவுக்குக் கிளம்ப மிச்சம் இருந்த நாட்களையெல்லாம் அதற்கே செலவழித்தான். நான்கூட, ஏன் இவ்வளவு ஆர்வம் என்று உள்ளுக்குள் ஒரு தடவை சந்தேகப்பட்டேன். என் பிறவிக் குணம் அது.

கிளம்புகிற அன்று பட்டறைக்கு வந்தான். புதுச் சட்டை, தலையில் எண்ணெய். கையில் கடைசியாக மாற்றிய பெட்டி. மில்லில் மாட்டுவதற்கு முன்னால் நான் பார்க்க வேண்டும் என்று எடுத்து வந்திருந்தான். அவன் வாப்பா வெளியே வேனில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஜமால் பெட்டியை என் பெஞ்சில் வைத்தான். கேபிளைத் தொடவில்லை. பேட்டரியைக் கழற்றினான். கொஞ்சம் பொறுத்து மாட்டினான். சிவப்பு எரிந்தது. நாங்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பச்சை வந்தது.

"இப்ப நம்புறீங்களா அக்கா?"

வெளியே ஹாரன் அடித்தது.

"இன்னொரு தடவ கழட்டு தம்பி" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே கழற்றினான்.